காத்துல வந்த டிவி எங்க போச்சு?

இந்த வருசம் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த மகன் கையில் ஒரு சின்ன டப்பா இருந்தது. பிரித்தால் உள்ளே தாள் மாதிரி மெல்லிசா ஒரு கறுப்புத் தகடு, கூடவே மூணு மீட்டர் ஒயர்.

"என்னடா இது?"

"இன்டோர் ஆண்டெனாப்பா. மொட்டை மாடியில கம்பி நட வேண்டாம், வீட்டுக்குள்ளயே ஒட்டி வச்சாப் போதும். மாசாமாசம் காசு கட்டாம டிவி வரும். அப்பாயிக்காக ஆன்லைன்ல வாங்கினேன்."

எங்க அம்மாவுக்கு வயசு 82. வீட்டில் கேபிள் இணைப்பை விட்டு ரெண்டு மாசம் ஆகியிருந்தது. காசு கட்டத் தவறினது நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. அறுப்புக்கு முன்னாடி கையில் ஒண்ணும் இல்லாத நேரம், இது அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். பாட்டி செவுத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்குன்னு பேரனுக்கு மனசு கேக்கல.

தகட்டை ஜன்னலில் ஒட்டினான். டிவியில் சேனல் தேடச் சொல்லிப் பொத்தானை அழுத்தினான். நூறு வரைக்கும் ஓடி முடிச்சு, கிடைத்த சேனல் பூஜ்யம்னு வந்தது. பீரோ மேல வச்சான், நிலைப்படி மேல வச்சான், கடைசியா ஏணி போட்டு ஓட்டுக்குக் கீழ உத்திரத்தில் கட்டினான். அப்பவும் பூஜ்யம்தான். "டூப்ளிகேட் பொருளைத் தள்ளிட்டானுங்கப்பா"ன்னு கோபப்பட்டான்.

"தகட்டுல தப்பு இல்லடா. அது பிடிக்கிறதுக்குக் காத்துல ஒண்ணும் இல்ல"ன்னேன்.

அவனுக்குப் புரியல. பட்டணத்தில் இருக்கிற உங்களில் பலருக்கும் இது தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன். அதனாலதான் எழுத உக்காந்தேன்.

எங்க ஊர் பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல் ஆரம்பிச்சது. ஆனா அந்த அலை எங்க ஊர் வரைக்கும் எட்டாது. நாங்க முதன்முதலா டிவி பார்த்தது இலங்கை ரூபவாகினிதான். 1982ல் அது தொடங்கினப்ப நான் பள்ளிக்கூடப் பையன். ஊரில் ஒரே ஒரு மாடி வீடு. அதுக்கு மேல இரும்புக் குழாயை ஒண்ணோட ஒண்ணு செருகி, தென்னை மர உயரத்துக்கு ஆண்டெனா நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருந்தாங்க. இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகலை மலையில் அவங்க டவர் இருக்கு. உயரம் 2,524 மீட்டர். அங்கிருந்து கடல் தாண்டி எங்க ஊர் வரைக்கும் படம் வந்தது. வெயில் காலத்தில் கடலுக்கு மேல குளிர்ந்த காத்து ஒரு அடுக்காவும், அதுக்கு மேல சூடான காத்து ஒரு அடுக்காவும் நிக்கும். டிவி அலை அந்த அடுக்கில் வளைஞ்சு ரொம்ப தூரம் போகும். அதனால சித்திரை, வைகாசியில் படம் பளிச்சுன்னு தெரியும். மத்த மாசத்தில் புள்ளி புள்ளியா ஓடும். சிங்களம் ஒரு எழுத்து புரியாட்டியும் உக்காந்து பாத்தோம். தமிழ்ச் செய்தி வந்தா ஊரே அமைதியாயிடும்.

அப்புறம் கொடைக்கானல் டவர் வந்தது. ஆண்டெனா தென்கிழக்கே இருந்து மேற்கே திரும்பிச்சு. மொட்டை மாடியில் ஒருத்தர், வாசலில் ஒருத்தர், டிவி முன்னாடி ஒருத்தர்.

"தெரியுதா?"

"இல்ல, இன்னும் கொஞ்சம் திருப்பு."

"இப்ப?"

"வந்துச்சு வந்துச்சு... ஐயோ, போயிடுச்சு!"

உங்க அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்க, இதை அப்படியே நடிச்சுக் காட்டுவாங்க. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம், மகாபாரதம், எல்லாம் இப்படித் திருப்பித் திருப்பிப் பாத்ததுதான். எங்க அப்பா மட்டும் வயலும் வாழ்வும் தவற விடமாட்டார். குருத்துப்பூச்சிக்கு என்ன அடிக்கணும், எத்தனை நாளில் அடிக்கணும்னு ஒரு பழைய காலண்டர் தாளில் எழுதி வச்சுக்குவார். அவர் படிச்சது மூணாம் வகுப்பு.

ஆண்டெனாவில் பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை. டவர் அலையை அனுப்புது, கம்பி அதைப் பிடிக்குது. அலையின் நீளத்துக்குத் தக்கபடி கம்பி நீளம் இருக்கணும், அது டவர் இருக்கிற திசையைப் பாக்கணும். இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். அதனால டவர் தூரத்தில் இருந்தா ஆண்டெனாவை உயரத்தில் வைக்கணும். டவர் பக்கத்தில் இருந்தா வீட்டுக்குள்ள ரெண்டு கொம்பு வச்ச சின்ன ஆண்டெனாவே போதும். தூர்தர்ஷன் சின்ன டவர்களைப் பல ஊரில் நட்ட பிறகு, அந்த ஊர்க்காரங்க கொம்பை டிவி மேலயே வச்சுப் பாத்தாங்க. மகன் கொண்டு வந்த தகடு அந்தக் கொம்போட பேரன்தான். தகரக் கூரை இல்லாத வீடா இருந்து, டவர் பக்கம் பாத்த ஜன்னலில் ஒட்டினா நல்லாவே வேலை செய்யும். ஆனா டவர் ஓடணுமே!

அதைத்தான் நிறுத்திட்டாங்க. தூர்தர்ஷனோட பழைய தரைவழி ஒளிபரப்பை நாடு முழுக்கப் படிப்படியா மூடினாங்க. 2022 மார்ச்சோட ஏறக்குறைய எல்லாம் முடிஞ்சது. முக்கியமான சில இடங்களில் மட்டும் ஐம்பது டவர் போல விட்டு வச்சாங்க. கரண்ட் செலவு, பராமரிப்புச் செலவு, பாக்கிறவங்க குறைஞ்சு போச்சு என்பது காரணம். காரணத்தில் நியாயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். எங்க தெருவிலேயே கேபிள் வந்த பிறகு ஆண்டெனாக் குழாயை எடுத்துப் பந்தல் போட்டவங்க நாங்கதான். எங்க வீட்டுக் குழாய் இன்னைக்கும் மாட்டுக் கொட்டகையில் உத்திரமா நிக்குது.

ஆனா ஒண்ணு கவனிங்க. மத்த நாட்டுக்காரங்களும் பழைய ஒளிபரப்பை நிறுத்தினாங்க. அமெரிக்காவில் 2009 ஜூன் 12ல் பெரிய டவர்களில் எல்லாம் நிறுத்தினாங்க, இங்கிலாந்தில் 2012ல் முடிச்சாங்க. அவங்க பழசை நிறுத்தினப்ப அதே காத்துல டிஜிட்டலா புதுசு ஓடிக்கிட்டு இருந்தது. அதனால அங்க இன்னைக்கும் ஜன்னலில் தகட்டை ஒட்டி இலவசமா டிவி பாக்கலாம். என் மகன் பார்த்த விளம்பரமும் வீடியோவும் அந்த ஊர்க்காரங்களுக்காக எடுத்தது. நம்ம நாட்டில் 2016ல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு ஆரம்பிச்சாங்க. அதில் ஒரு கிராமம் கூட இல்லை. கிராமத்துக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடியே பழசையும் மூடிட்டாங்க. புதுக் கிணறு வெட்டிட்டுத்தான் பழைய கிணத்தைத் தூர்க்கணும். இங்க நடந்தது மாறி நடந்துச்சு.

"அதான் தமிழ்நாட்டில் டிவியையே சும்மா கொடுத்தாங்களே"ன்னு நீங்க கேக்கலாம். 2006ல் ஆரம்பிச்சு வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்தாங்க, வாஸ்தவம். 2011ல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்தது, அதுவும் வாஸ்தவம். அப்புறம் செட்டாப் பாக்ஸ் வந்தது. 2019ல் புதுக் கட்டண முறை வந்தப்ப நூறு சேனலுக்கு அடிப்படைக் கட்டணமே 130 ரூபாய், வரியோட 153 ரூபாய் 40 காசு. காசு கட்டிப் பாக்கிற சேனலுக்குத் தனி. அடிப்படையை மட்டும் 12 மாசத்துக்குக் கணக்குப் போட்டா 1,840 ரூபாய் ஆகுது. ஒரு மூட்டை டிஏபி உரம் 1,350 ரூபாய். சம்பளக்காரங்களுக்கு மாசம் 153 ஒண்ணுமில்லை. எங்களுக்கு மாசச் சம்பளம் கிடையாது. வெள்ளாமை வந்தாக் காசு, இல்லாட்டி கடன். மாசாமாசம் தவறாமக் கட்டணும்னு வர்ற எந்தப் பில்லும் எங்க வீட்டில் ஏதாவது ஒரு மாசம் நின்னுதான் போகும். ஆண்டெனா அப்படி இல்லை. ஒரு தடவை வாங்கினா முடிஞ்சது. அப்பாவுக்கு மகசூல் பொய்த்த வருசத்திலும் வயலும் வாழ்வும் வந்துக்கிட்டுத்தான் இருந்தது.

சரி, இப்ப மிச்சம் இருக்கிற இலவச டிவி எது? டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் வேற பேரில் தொடங்கினது. மாசக் கட்டணம் கிடையாது. பேரனோட தகடு தோத்துப் போனதும் மாசி மாசம் நான் அதைத்தான் மாட்டினேன். டிஷ், பாக்ஸ், ஒயர், மாட்டின கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 1,800 ரூபாய் ஆச்சு. அம்மாவுக்கு டிடி தமிழ் வந்தது. பொதிகைன்னு இருந்ததை 2024 ஜனவரியில் பேர் மாத்தினாங்க இல்லையா, அதுதான். அம்மா இன்னும் பொதிகைன்னுதான் சொல்லுது.

குறையும் சொல்லணும். அதில் இந்திச் சேனல்தான் வரிசையா நிக்குது. தமிழ் ரொம்பக் கம்மி. தனியார் சேனல் அதில் வரணும்னா ஏலத்தில் இடம் எடுக்கணும். இந்திக்காரங்களுக்குப் பாக்கிற ஜனம் அதிகம், அவங்க எடுக்கிறாங்க. நம்ம தமிழ்ச் சேனல்கள் கேபிள்லயே காசு பாக்கிறதால பெருசா எட்டிப் பாக்கல. அரசாங்கச் செலவில் மேல போன செயற்கைக்கோள், தமிழ்நாட்டுக் கூரைக்கு மேலயும்தான் நிக்குது. அதில் தமிழுக்கு நியாயமான இடம் வேணும்னு கேக்க ஆளில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒண்ணு இந்தக் கார்த்திகையில்தான் எனக்கு உறைச்சது.

எங்க அம்மா 1952 புயலையும் பாத்தது, 1977 புயலையும் பாத்தது, 2018 நவம்பர் 16 விடியக்காலை வந்த கஜாவையும் பாத்தது. கஜாவில் எங்க தென்னை 60ல் 11தான் நின்னுச்சு. அதனால ஐப்பசி பிறந்துட்டா அம்மாவுக்கு டிவி பொழுதுபோக்கு இல்லை. செய்தியில் மேப்பைக் காட்டுற வரைக்கும் கண்ணைக் கொட்டாது. "தம்பி, கடல்ல ஏதோ சுத்துதாம்டா"ன்னு வயலுக்கே சொல்லி அனுப்பும்.

கார்த்திகையில் ரெண்டு நாள் விடாத மழை. முதல் நாள் மதியமே டிஷ்ஷில் சிக்னல் போச்சு. செயற்கைக்கோளில் இருந்து டிஷ்ஷுக்கு வர்ற அலை ரொம்பச் சின்ன அலை. கனமழையில் நீர்த்துளி அதை உறிஞ்சிடும். மழை விட்டா வரணும், ஆனா சாயங்காலம் காத்தில் டிஷ் ரெண்டு விரக்கடை திரும்பியிருக்கு. வழுக்குற மாடியில் ஏற வேண்டாம்னு விட்டுட்டேன். வீட்டில் கரண்ட் இருந்தது. செல்போன் டவருக்கு இல்லை போல, போனும் செத்துப் போச்சு. டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்தா, பேட்டரி கசிஞ்சு உள்ள பச்சையாப் பூத்துக் கிடந்தது. அது முழுக்க என் தப்பு.

மூணாம் நாள் காலையில் வானம் வெளுத்தது. மழை முடிஞ்சதுன்னு நினைச்சு, தள்ளிப் போட்டிருந்த மேலுரத்தை ஒரு ஏக்கருக்குத் தெளிச்சுட்டேன். ராத்திரி திரும்பப் பிடிச்சது பாருங்க, விடியறப்ப வரப்பு தெரியல. தெளிச்ச யூரியாவும் பொட்டாஷும் வடிகாலோட கடலுக்குப் போச்சு. மறுநாள் போன் உயிர் வந்த பிறகுதான் தெரிஞ்சது, அந்த மழைக்கு முதல் நாளே எச்சரிக்கை கொடுத்திருக்காங்க. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச சேதி எங்க தெருவுக்கு வரல. யூரியா மூட்டை 45 கிலோ 266 ரூபாய் 50 காசுதான், அது போனாப் போவுது. கதிர் வர்ற நேரத்தில் உரம் இல்லாமப் போனா அறுப்பில்தான் அதோட விலை தெரியும்.

அன்னைக்கு அம்மா சொன்னது: "அந்தக் காலத்துக் கம்பியில மழை பேஞ்சாலும் படம் வருமேடா."

உண்மைதான். டவரிலிருந்து வர்ற டிவி அலை பெரிய அலை. மழை அதை ஒண்ணும் பண்ணாது. டவர் பக்கத்தில் இருந்து, வீட்டுக்குள்ளயே ஆண்டெனா இருந்தா காத்தும் அதைத் திருப்பாது. புயல் வர்ற ஊருக்கு ஏத்த டிவி அதுதான். அதை எடுத்துட்டு, மழையில் அணையுற டிவியை மட்டும் கையில் கொடுத்திருக்காங்க.

"இப்ப யாருங்க டிவி பாக்கிறா, எல்லாம் போன்ல இருக்கே"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. போனில் வர்றது ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் போற தண்ணிக் குழாய் மாதிரி. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் திறந்தா சொட்டுச் சொட்டாத்தான் வரும். டவர் ஒளிபரப்பு மழை மாதிரி. ஒரு வீட்டில் பேஞ்சாலும் ஆயிரம் வீட்டில் பேஞ்சாலும் அளவு குறையாது. ஆபத்து நேரத்தில் எது வேணும்? போனுக்கு ரீசார்ஜ் வேணும், 82 வயசுக் கண்ணுக்கு அந்தச் சின்ன எழுத்து தெரியணும்.

டவரில் இருந்து நேரா செல்போனுக்கே, இன்டர்நெட் இல்லாம டிவி அனுப்புற முறையைப் பெங்களூர், டெல்லிப் பக்கம் சோதிச்சுப் பாத்திருக்காங்க. நல்ல விஷயம். ஆனா அதையும் முதல்ல பெரிய நகரத்துக்குக் கொடுத்துட்டு, எங்களுக்கு அப்புறம்னு சொல்லிடாதீங்க. போன தடவை அந்த அப்புறம் வரவே இல்லை. முதல் டவரை நாகப்பட்டினத்திலயோ வேதாரண்யத்திலயோ நடுங்க. சென்னையில் ஒருத்தருக்குச் சேதி தெரிய பத்து வழி இருக்கு. இங்க ஒரு வழி போனா மறுவழி இல்லை. நூறு சேனல் கேக்கல. செய்தியும் வானிலையும் விவசாயமும் சொல்ற ஒரே ஒரு தமிழ்ச் சேனல், மழையிலும் வரணும், பில் இல்லாம வரணும். ரோட்டுக்கும் மதகுக்கும் செலவு பண்ற மாதிரி இதுக்கும் பண்ணலாம், தப்பில்லை.

அது வர்ற வரைக்கும், ஊரில் அப்பா அம்மாவை விட்டுட்டு நகரத்தில் இருக்கிறவங்களுக்கு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

இன்டோர் ஆண்டெனாவை ஆன்லைனில் பாத்து கிராமத்துக்கு வாங்கிடாதீங்க. பிடிக்க அங்க அலை இல்லை.

கேபிள் காசு கட்ட முடியலன்னு அவங்க உங்ககிட்ட வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. நீங்களே கேட்டு, ஒரு ஃப்ரீ டிஷ் மாட்டிக் கொடுங்க. எங்க பக்கம் டிஷ் தென்கிழக்கே பாக்கணும், கிட்டத்தட்ட எழுபது டிகிரி அண்ணாந்து. அதனால தென்னந்தோப்புக்குள்ள வீடு இருந்தா மட்டை மறைக்காத இடமாப் பாருங்க. இன்னைக்கு மறைக்காத மரம் ரெண்டு வருசத்தில் மறைக்கும். டிஷ் காலை நாலு போல்ட் போட்டு இறுக்கி, திசையைப் பெயின்ட்டில் கோடு போட்டு வைங்க. காத்தில் திரும்பினா அந்தக் கோட்டுக்குக் கொண்டு வந்தாப் போதும், ஆளைத் தேட வேண்டாம்.

கூடவே ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. பேட்டரியை உள்ளே போட்டு வைக்காதீங்க, தனியா ஒரு டப்பாவில் வைங்க. ஐப்பசிக்கு முன்னாடி புதுசு வாங்குங்க. கஜா அப்போ வாரக்கணக்கில் கரண்ட் இல்லாம இருந்தப்ப எங்க தெருவுக்கே சேதி சொன்னது ஒரு ரேடியோதான். அதை மறந்ததுக்குத்தான் இந்த வருசம் ஒரு ஏக்கர் மேலுரத்தைத் தண்டம் கட்டினேன்.

போன வாரம் மாடி காஞ்ச பிறகு டிஷ்ஷைத் திருப்ப ஏறினேன். கீழே டிவி முன்னாடி அம்மா. வாசலில் நின்னு சொல்ல வீட்டில் வேற ஆள் இல்லை. நாப்பது வருசத்துக்கு முன்னாடி மாதிரியே மேலிருந்து கத்தினேன்.

"தெரியுதாம்மா?"

"தெரியல."

"இப்ப?"

"வந்துடுச்சு, அசைக்காத. எறங்கு, வழுக்கப் போவுது."

இறங்கி வந்தேன். மேப்பில் கடல் சும்மா நீலமா இருந்தது. அன்னைக்கு அம்மா நிம்மதியாத் தூங்கிச்சு. பேரன் வாங்கி வந்த தகடு இன்னும் பீரோவில் டப்பாவோட இருக்கு. தூக்கிப் போடல. ஒரு நாள் காத்துல திரும்ப ஏதாவது வந்தா, ஜன்னலில் ஒட்டிக்கலாம்.